கடைசி அரை அங்குலம்

ஏற்காட்டு காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கிறார்களே சில்வர் ஓக், அதில் ஒரு பலகை கிடைத்தது, டீப்பாய்க்கு மேல்பலகை ஆக்கலாம் என்று சேலம் அஸ்தம்பட்டி வீட்டு கார் ஷெட்டில் ரூட்டர் டேபிளை (மேஜைக்கு மேல் நீட்டிக்கொண்டு சுழலும் வெட்டுமுனையில் பலகையைத் தள்ளி ஓரம் செதுக்கும் மெஷின்) போட்டு ஓரத்துக்கு வளைவு டிசைன் அடிக்க உட்கார்ந்தேன். மூன்று பக்கம் வெண்ணெய் மாதிரி வந்தது. நாலாவது பக்கம், குறுக்குநார் ஓரம் (மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்பட்டு முடிகிற பக்கம்), முடிய அரை அங்குலம் இருக்கும்போது படக்கென்று ஒரு சில்லு பறந்து சுவரில் அடித்தது. மூலை போச்சு!

தப்பு என்னுடையதுதான். குறுக்குநார் ஓரத்தை முதலில் அடிக்க வேண்டும், அங்கே மூலை பிய்ந்தாலும் அப்புறம் நீளவாக்கில் அடிக்கும்போது அந்தப் பிசிறு சீவிக்கொண்டு போய்விடும். இல்லையென்றால் பின்னால் ஒரு வேஸ்ட் கட்டையாவது முட்டுக்கொடுக்க வேண்டும். எல்லாம் தெரியும், அவசரத்தில் ஒன்றும் செய்யவில்லை. சரி, இந்தத் தடவை மெதுவாகத் தள்ளுவோம் என்று வெட்டை 3 மி.மீ. உள்ளே நகர்த்தி மறுபடி அடித்தால், பிட் (அந்த வெட்டுமுனைதான்) ஒரே இடத்தில் உரசி ஓரமெல்லாம் கறுப்புத் தழும்பு. வேகமாகத் தள்ளினால் பிய்கிறது, மெதுவாகத் தள்ளினால் கருகுகிறது, மனுஷன் என்னதான் செய்வது?

இப்போது உப்புத்தாளும் கையுமாக அந்த வளைவுக்குள் விரலை விட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். மாடியில் காயும் துணியெல்லாம் மரத்தூள். "கடையில் கொடுத்திருந்தால் அரை மணி நேர வேலை" என்று அம்மா இதுவரை நாலு தடவை சொல்லிவிட்டார்.