ஞாநி ஆலந்தூரில் நின்றது சரிதான்

பத்திரிகையாளர் ஞாநி தேர்தலில் நின்றதைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவருக்கு எதற்கு அந்த வேண்டாத வேலை?" என்று அங்கலாய்ப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். எனக்குக் கோபம்தான் வருகிறது.

சட்டமன்ற உறுப்பினர் பண்ருட்டி ராமச்சந்திரன் பதவி விலகியதால் சென்னை ஆலந்தூர் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. 2014 ஏப்ரல் 24, மக்களவைத் தேர்தல் நாளிலேயே வாக்குப்பதிவு. அறுபது வயது ஞாநி ஆம் ஆத்மி வேட்பாளர். தோற்றார். அதே ஆண்டில் கட்சியை விட்டும் விலகினார். கேலி பேசுபவர்களுக்கு இவ்வளவு போதும்.

அவர்கள் எடுத்துப்போடும் பெரிய ஆயுதம் 49 ஓ என்ற தேர்தல் விதி. யாருக்கும் ஓட்டில்லை என்று பதிவு செய்யச் சொன்னவர், தனக்கு ஓட்டுக் கேட்கலாமா என்கிறார்கள். அந்த விதி எப்படி இருந்தது என்பது பலருக்கு மறந்துவிட்டது. விரலில் மை வைத்து, 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்று அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் அதைப் பதிவேட்டில் குறித்து இன்னொரு கையெழுத்து வாங்குவார். கட்சி ஏஜெண்டுகள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். ரகசிய வாக்கு என்பதற்கு அங்கே அர்த்தமே கிடையாது. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் நோட்டா பொத்தானாக இயந்திரத்தில் ஏறியது. அடுத்த சில மாதங்களில், தன்னையும் சேர்த்து நிராகரிக்க வழியுள்ள அதே இயந்திரத்தில் ஞாநி தன் பெயரை ஏற்றினார். இதில் முரண்பாடு எங்கே இருக்கிறது? நல்ல வேட்பாளர் இல்லையென்றால் மறுத்துவிடு என்று சொன்னவர், இதோ நான் நிற்கிறேன், என்னையும் எடை போடு என்று வந்தார். இதைவிட நேர்மையாக ஒரு விமர்சகர் எப்படி நடந்துகொள்ள முடியும்?

துக்ளக் ஆசிரியர் சோ 1999இல் மாநிலங்களவைக்குப் போனார், நியமன உறுப்பினராக. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த இடம் அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் தெருத்தெருவாக நடந்து, கதவைத் தட்டி, முன்பின் தெரியாதவரிடம் கைகூப்பி வாக்குக் கேட்பதற்கு வேறு வகை நெஞ்சுரம் வேண்டும். பல ஆண்டுகள் அரசியல்வாதிகளுக்கு மதிப்பெண் போட்ட ஒருவருக்கு அது இன்னும் கடினம்.

என் கோபம் வாசகர்கள் மீது. விகடனிலும் குமுதத்திலும் கல்கியிலும் அவருடைய 'ஓ பக்கங்கள்' தொடரைத் தேடிப் படித்தவர்கள் எத்தனை பேர்! அவர்களில் எத்தனை பேர் ஒரு மாலை நேரமாவது ஆலந்தூரில் துண்டறிக்கை கொடுக்கப் போனார்கள்? நல்லவர்கள் அரசியலுக்கு வர வேண்டும் என்று எழுதினால் கைதட்டுகிறோம். எழுதியவரே வந்து நின்றால் பிழைக்கத் தெரியாதவர் என்கிறோம்.

ஒரு வருத்தம் எனக்கும் உண்டு. சட்டமன்றத்துக்குப் பதிலாக அவர் வசித்த கே.கே. நகரில் மாநகராட்சி வார்டுக்கு நின்றிருக்கலாம். குப்பையும் குடிநீரும் மழைநீர் வடிகாலும் தீர்மானமாகும் இடம் அது. கிணற்றடியில் 'கேணி' இலக்கியக் கூட்டங்கள் நடத்தி ஊரைக் கூட்டியவரை அந்தத் தெருக்காரர்களுக்கு முகம் பார்த்தே தெரிந்திருக்கும். 2018 ஜனவரியில் அவர் காலமாகிவிட்டார்.

இப்போதும் ஊருக்கு ஊர் நாற்பது ஆண்டு எழுதிப் பேசிய மூத்த பத்திரிகையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் நின்றால், எந்தச் சின்னமாக இருந்தாலும் அவருடைய துண்டறிக்கையோடு வீடு வீடாகப் போக நான் தயார். கூட வருகிறவர்கள் இப்போதே சொல்லுங்கள்.