தோள்ல இருக்கற கழுகைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க

ஆர்மி டே, ரிபப்ளிக் டே, ஆகஸ்ட் 15, இந்த மூணு நாளும் என் டைம்லைன்ல தவறாம வர்றது மெட்ராஸ் ரெஜிமெண்டோட போர் முழக்கம், "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" தான். வரட்டும், நல்ல விஷயம், நானும் லைக் போட்டுட்டுதான் போறேன். 1758ல ஆரம்பிச்ச ரெஜிமெண்ட், யானை சின்னம், வெலிங்டன் சென்டர், எல்லாம் நம்ம ஆளுங்களுக்கு மனப்பாடம். ஆனா அதே ரெஜிமெண்ட் சிப்பாயோட சட்டைத் தோள்ல சின்னதா ஒரு சதுரம் தைச்சிருக்குமே, கழுகு, பூனை, கத்தி, சீட்டுக்கட்டு ஸ்பேட்னு ஏதாவது ஒரு படம், அது என்னன்னு கேட்டா பத்துல ஒன்பது பேருக்குத் தெரியாது. டிசைன்னு நெனச்சுக்கறாங்க.

ஆர்மில அதுக்குப் பேரு ஃபார்மேஷன் சைன். அந்த ஆளு இப்போ எந்த டிவிஷன்ல (பல ரெஜிமெண்ட் ஆளுங்க சேர்ந்த பெரிய படைப்பிரிவு), எந்த கோர்ல (சில டிவிஷன் சேர்ந்தது) இருக்கார்ங்கறதுக்கு அடையாளம். என்னைக் கேட்டா ரெஜிமெண்ட் பேட்ஜை விட இதுதான் பெரிய விஷயம், இதைச் சொன்னா இங்க பல பேருக்குக் கோவம் வரும்னு தெரியும், இருந்தாலும் சொல்லிடறேன்.

நான் இருக்கறது பெங்களூர்ல மர்ஃபி டவுன் பக்கம். அல்சூர் ஏரியைச் சுத்தி எம்ஈஜி இடம்தான், அதாவது மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற ராணுவ என்ஜினியர் படை, அதனால எங்க ஏரியாவுல டீக்கடைல நின்னீங்கன்னா பென்ஷன் வாங்கற ஒரு 'தம்பி'யாவது பக்கத்துல நிப்பாரு (எண்பது வயசானாலும் சாப்பர்னா தம்பிதான், அது அவங்க வழக்கம்). எங்க பக்கத்து வீட்டு தாத்தாகிட்ட எங்கெங்க சர்வீஸ் பண்ணீங்கன்னு கேட்டா ஊர் பேரே சொல்ல மாட்டாரு, "ஈகிள்ல இருந்தேன், அப்புறம் பிளாக் கேட், கடைசியா டாகர்" அப்படின்னுவாரு. புரியாம முழிச்சா அவரே சொல்லுவாரு, "ரெஜிமெண்ட் பொறந்த வீடுடா, டிவிஷன் வாக்கப்பட்ட வீடு." எத்தனை வீட்டுக்குத்தான் தாத்தா வாக்கப்பட்டீங்கன்னு நான் கலாய்ப்பேன், அவரு கண்டுக்க மாட்டாரு.

அவர் சொன்னதுலதான் விஷயமே இருக்கு. ரெஜிமெண்ட்னா பெரும்பாலும் நீ எந்த ஊரு, எந்த ஆளுங்கறது. மெட்ராஸ், சீக், மராட்டா, டோக்ரா, ராஜ்புத், பேரைக் கேட்டாலே தெரிஞ்சிடும். கார்ட்ஸ் மாதிரி கலந்து எடுக்கற ரெஜிமெண்டும் இருக்கு, 1949ல ஆர்மித் தளபதி கரியப்பா காலத்துல ஆரம்பிச்சது, இருந்தாலும் பேரும் புகழும் பழைய ரெஜிமெண்டுகளுக்குத்தான். டிவிஷன் அப்படி இல்ல. அங்க ஒரு தமிழனும் ஒரு சர்தார்ஜியும் ஒரு கூர்க்காவும் ஒரே படத்தைத் தோள்ல போட்டுட்டு நிப்பாங்க, போஸ்டிங் மாறினா அதைக் கழட்டிட்டு புது எடத்தோட படத்தைத் தைச்சுக்கணும். பொறப்பால வர்றது இல்ல, கூட நிக்கறதால வர்றது.

இதுக்கு என்கிட்ட இருக்கற உதாரணம் ஒண்ணு போதும். சுபேதார் சுப்பிரமணியன், செங்கல்பட்டுப் பக்கத்து ஆளு, மெட்ராஸ் சாப்பர்ஸ், 11வது ஃபீல்ட் பார்க் கம்பெனி. 1944 பிப்ரவரி 24, இத்தாலில மின்யானோன்னு ஒரு எடம், மான்டே கசீனோவுக்குக் கொஞ்சம் தெக்க, அங்க கண்ணிவெடி வயல்ல பாதை சுத்தம் பண்ணிட்டு இருக்காங்க, கூட வந்த ஆளு கால் பட்டு ஒரு கண்ணி கிளம்புது, அது வெடிக்கறதுக்கு நடுவுல இருந்த அந்த ரெண்டு மூணு செகண்ட்ல இவரு அது மேல விழுந்துட்டாரு. கூட இருந்தவங்க பொழச்சாங்க, இவரு போயிட்டாரு. ஜார்ஜ் கிராஸ்ங்கற பெரிய பிரிட்டிஷ் வீர விருது குடுத்தாங்க. இவரைப் பத்தி எழுதும்போதெல்லாம் "மெட்ராஸ் சாப்பர்"னு எழுதறோம், சரிதான். ஆனா அந்தக் கம்பெனி இருந்தது 4வது இந்தியன் டிவிஷன்ல, செவப்புக் கழுகு சின்னம். அந்த ஒரு டிவிஷனோட என்ஜினியர்ஸை மட்டும் எடுத்துப் பாருங்க, ஒரு ஃபீல்ட் கம்பெனி பெங்கால் சாப்பர்ஸ், ஒண்ணு மெட்ராஸ், ஒண்ணு பாம்பே, அப்புறம் இந்த ஃபீல்ட் பார்க் கம்பெனி. காலாட்படைல ராயல் சஸெக்ஸ்னு இங்கிலீஷ்காரங்க, பஞ்சாபிங்க, ராஜ்புதானா ரைபிள்ஸ், கூர்க்காங்க. எரித்ரியால கெரன்ல சண்டை போட்டு, வட ஆப்பிரிக்கா பாலைவனத்துல அலைஞ்சு, அப்புறம் கசீனோவுக்கு வந்த கூட்டம் அது. இத்தனை பாஷை பேசற ஆளுங்களுக்கு பொதுவா ஒரு வார்த்தை கூட எழுதி மாட்ட முடியாது, எழுதினாலும் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அதனால படம். கழுகைப் பாத்தா எல்லாருக்கும் கழுகுதான். (எதிரிக்கு டிவிஷன் நம்பர் தெரியக்கூடாதுன்னு முதல் உலகப் போர்ல வண்டில படம் போட ஆரம்பிச்சதுதான் இதுக்கு மூலம், ஆனா நம்ம பட்டாளத்துல அது வேற ஒரு வேலையும் சேத்து பாத்துச்சுன்றது என் எண்ணம்.)

அந்தக் காலத்து சைன் எல்லாம் பாக்கவே அழகு. 5வது டிவிஷன் கறுப்புல ஒரு செவப்பு வட்டம், பால் ஆஃப் ஃபயர்னு சொல்லுவாங்க. 7வது கோல்டன் ஆரோ. 23வது சண்டைச் சேவல். 25வது ஸ்பேட் ஆஸ். 26வது முக்கோணத்துக்குள்ள இருந்து வெளிய வர்ற புலி. மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து பர்மாவுக்கு வந்த 81வது டிவிஷனுக்கு சிலந்தி, அது அவங்க ஊர் கதைல வர்ற அனன்சி. 17வது டிவிஷனுக்கு மொதல்ல மின்னல்தான் இருந்துச்சு, 1942 பிப்ரவரில பர்மால ஜப்பான் படை தொரத்தி வந்தப்போ நம்ம பக்கத்துக்காரங்களே சித்தாங் பாலத்தை வெடி வெச்சுத் தகர்த்தாங்க, அப்போ டிவிஷன்ல பெரும் பகுதி எதிர்க்கரைல மாட்டிக்கிச்சு, அவ்ளோ பெரிய அடி, அதுக்கு அப்புறம்தான் கறுப்புப் பூனையா மாறுச்சு. பிளாக் கேட்னாலே நம்ம ஆளுங்களுக்கு என்எஸ்ஜி கமாண்டோதான் ஞாபகம் வரும், ஆனா அதுக்கெல்லாம் பல வருஷம் முன்னாடியே இம்பால்ல, பர்மாவோட மெய்க்டிலாவுல சண்டை போட்ட பூனை இது, இன்னிக்கும் சிக்கிம்ல 17வது மவுண்டன் டிவிஷன் தோள்ல இருக்கு.

அமெரிக்காவுல கதை வேற மாதிரி. 1918ல 81வது டிவிஷன்காரங்க காட்டுப்பூனைப் படத்தைத் தோள்ல தைச்சுட்டு பிரான்ஸுக்குப் போய் எறங்கினப்போ மத்தவங்க இது என்ன புதுப் பழக்கம்னு கேட்டாங்களாம், கடைசில அதே வருஷம் அக்டோபர்ல எல்லா டிவிஷனும் வெச்சுக்கலாம்னு பெர்மிஷன் குடுத்துட்டாங்க. அங்க 45வது டிவிஷன் கதை நமக்கு ரொம்பப் பழக்கமான ஒண்ணு. ஒக்லஹோமா, நியூ மெக்சிகோ பக்கத்து ஆளுங்க, அந்த மண்ணோட பழங்குடி மக்களுக்கு மரியாதையா செவப்புல மஞ்சள் ஸ்வஸ்திகாவை சைனா வெச்சிருந்தாங்க, நம்ம வீட்டுக் கல்யாணப் பத்திரிகைல வர்ற அதே ஸ்வஸ்திகா. ஹிட்லர் வந்து அதைக் கெடுத்ததும் 1939ல தண்டர்பேர்டுக்கு மாத்திட்டாங்க. அதே டிவிஷன்தான் 1945 ஏப்ரல்ல டாக்காவ் வதைமுகாமுக்குள்ள மொதல்ல போனவங்கள்ல ஒண்ணு. இன்னொரு வித்தியாசம், அவங்க எடது தோள்ல இப்போ இருக்கற யூனிட், வலது தோள்ல எந்த யூனிட்டோட சண்டைக்குப் போனாங்களோ அது, அதை சர்வீஸ் முழுக்க வெச்சுக்கலாம். நம்ம ஆளு கழட்டிட்டுப் போயிட வேண்டியதுதான். அமெரிக்கா பாணி நல்லா இருக்குன்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு நம்ம முறைதான் புடிச்சிருக்கு. இப்போ யாரோட நிக்கறியோ அவங்க சைன், அவ்ளோதான்.

தோத்தா என்ன பண்றதுன்னு ஒரு கேள்வி வரும். 1962 சீனப் போர்ல நேஃபாவுல (இன்னிக்கு அருணாச்சலப் பிரதேசம்) சிதறிப் போனது இதே 4வது டிவிஷன்தான், ஆப்பிரிக்காவுலயும் இத்தாலிலயும் பேர் வாங்குன அதே கழுகு. நவம்பர்ல சே லா கணவாய் போச்சு, பொம்டிலா போச்சு, படிச்சாலே வயிறு எரியும். டெல்லில இருந்தவங்க பண்ண தப்புக்கு டிவிஷன் பேரு கெட்டுப் போச்சுன்றது என் கட்சி, அந்த சண்டைய இன்னொரு நாள் வெச்சுக்கலாம். சைனை மாத்தல. மூணே வருஷம், 1965 செப்டம்பர், பஞ்சாப்ல அசல் உத்தர், மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங் தலைமைல அதே டிவிஷன், கரும்புக் காட்டுல தண்ணிய தொறந்து விட்டு பாகிஸ்தான் பாட்டன் டேங்கை சேத்துல எறக்கி வரிசையா அடிச்சாங்க. பரம்வீர் சக்ரா அப்துல் ஹமீது 4 கிரனேடியர்ஸ்னு எல்லாருக்கும் தெரியும், அந்த பட்டாலியன் நின்னது இந்தக் கழுகுக்குக் கீழதான்னு எத்தனை பேருக்குத் தெரியும்? புடிச்ச டேங்கையெல்லாம் கொண்டு வந்து வெச்ச எடத்துக்கு பாட்டன் நகர்னே பேர் வெச்சாங்க. 1962ல அவமானம்னு அந்த சைனைத் தூக்கிப் போட்டிருந்தா 1965ல மீட்கறதுக்கு எதுவும் இருந்திருக்காது.

2023 ஆகஸ்ட்ல இருந்து பிரிகேடியர், அதுக்கு மேல இருக்கற ஆபீசர்ஸ் எல்லாருக்கும் ஒரே மாதிரி யூனிஃபார்ம்னு ஆர்மி மாத்துச்சே, பெரே தொப்பி, ரேங்க் பேட்ஜ், பெல்ட் பக்கிள், ஷூ எல்லாம் காமன், தோள்ல தொங்கற லேன்யார்டு கயிறே கிடையாது, அப்போ இங்க சில பேரு பாரம்பரியம் போச்சுன்னு ஒப்பாரி வெச்சாங்க. எனக்கு அது நூத்துக்கு நூறு சரி. பத்து ரெஜிமெண்ட் ஆளுங்களை மேய்க்கறவரு தன் சொந்த ரெஜிமெண்ட் பெரேயை மாட்டிட்டு நின்னா எதிர்ல நிக்கற மத்த ஒன்பது பேருக்கு என்ன தோணும்? ஜவான், கர்னல் வரைக்கும் ரெஜிமெண்ட் அடையாளம் அப்படியே இருக்கு, அதை யாரும் தொடல.

இதுல எனக்கு எரிச்சல் வர்ற ஒரு விஷயமும் இருக்கு. ஞாயித்துக்கிழமை விடிகாலைல நந்தி ஹில்ஸ் போற பைக் கூட்டம், ஜாக்கெட் முழுக்க வெல்க்ரோ பேட்ச், மண்டை ஓடு, அமெரிக்காவோட 101வது ஏர்போர்ன் டிவிஷன் கழுகு, பக்கத்துலயே நம்ம ஆர்மி சைன் ஒண்ணு, எல்லாம் ஆன்லைன்ல வாங்குனது. மண்டை ஓடு என்ன வேணா மாட்டிக்கோங்க. ஆனா இப்போ பார்டர்ல நிக்கற ஒரு டிவிஷனோட சைனை ஃபேஷனுக்கு மாட்டாதீங்க ப்ரோ. ஆர்மி ஆளுன்னு நம்ப வைக்க ராணுவ உடுப்போ அடையாளமோ போட்டா அது பழைய ஐபிசி 140 காலத்துல இருந்தே குத்தம். நீங்க ஏமாத்தல, தெரியும், இருந்தாலும் 2016 ஜனவரில பதான்கோட் ஏர்பேஸ்ல புகுந்தவங்க ஆர்மி உடுப்புலதான் வந்தாங்க, அதுக்கு அப்புறம் ஆர்மியே பப்ளிக்கை இந்த மாதிரி துணி போடாதீங்கன்னு கேட்டுக்கிச்சு.

கடைசியா ஒரு விஷயம். உங்க வீட்டுல தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ இரண்டாம் உலகப் போர் காலத்துல பட்டாளத்துல இருந்த போட்டோ இருந்தா, மூஞ்சியை மட்டும் பாக்காதீங்க, தோளை ஜூம் பண்ணுங்க. கறுப்பு வெள்ளைப் படத்துல கலர் தெரியாது, ஆனா உருவம் தெரியும். கழுகுன்னா பெரும்பாலும் ஆப்பிரிக்கா, இத்தாலி. பூனை, சேவல், குத்துற கத்தின்னா பர்மா, அதுலயும் கத்தின்னா 19வது, மாண்டலேயை 1945 மார்ச்ல புடிச்சவங்க. அவரு எங்க போனாருன்னு வீட்டுல யாருக்கும் தெரியலைனாலும் அந்த ஒரு துண்டுத் துணில இருந்து பாதி வழி கண்டுபுடிச்சிடலாம். அப்படிப் படம் இருக்கறவங்க கமெண்ட்ல போடுங்க, எனக்குப் புரியலைன்னா பக்கத்து வீட்டு தாத்தாகிட்ட காட்டறேன், அவருக்கும் பொழுது போகும்.