"கணக்குப் போட்டீர்களா?" என்று ஒருவர் கேட்டார்

2016 ஜூன் 23 அன்று, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று வாக்களித்தவன் நான். அப்போது என் கையில் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட். காமன்வெல்த் நாட்டுக்காரர் முறைப்படி இங்கே குடியிருந்தால் அந்த வாக்கெடுப்பில் ஓட்டு உண்டு. இருபது வருடமாக இங்கேயே உழைத்த போலந்துக்காரருக்கும் இத்தாலிக்காரருக்கும் இல்லை.

என் காரணம் குடும்பக் காரணம். என் தம்பி ஊரிலிருந்து மனைவியை அழைத்து வர, வருடத்துக்கு 18,600 பவுண்ட் வருமானம் காட்ட வேண்டியிருந்தது. பக்கத்து மேஜையில் இருந்த ஐரோப்பியர் அப்படி எதையும் காட்டாமல் குடும்பத்தோடு வந்து இறங்கினார். ஒரே ஊரில் இரண்டு நியாயமா என்று கோபம் வந்தது. அந்தக் கோபம் தப்பு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. (வெளியேறிய பிறகு, 2024இல், அந்தத் தொகை 29,000 பவுண்ட் ஆனது.) இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. கீழே நான் எழுதுவதை, வாக்கெடுப்பில் தோற்றவர்களின் புலம்பல் என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது.

நான் பேச வந்தது 2017 டிசம்பர் 6 பற்றி. வெளியேற்ற விவகாரங்களுக்கான நாடாளுமன்றக் குழு அன்று கூடியது. தலைவர் நாற்காலியில் எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் எம்.பி. ஹிலாரி பென், எதிரே வெளியேற்றத் துறை அமைச்சர் டேவிட் டேவிஸ். அதன் காணொளியை இதுவரை நான்கைந்து முறை பார்த்திருப்பேன். பென் குரலை உயர்த்தவே இல்லை. வெளியேறுவதால் ஒவ்வொரு தொழிலுக்கும் என்ன பாதிப்பு என்று அரசு மதிப்பீடு செய்திருக்கிறதா என்று கேட்டார். தொழில்வாரியாக இல்லை என்று பதில் வந்தது. அத்தோடு விட்டிருந்தால் அது வெறும் சம்பிரதாயக் கேள்வியாகப் போயிருக்கும். அவர் விடவில்லை. மோட்டார் வாகனத் தொழிலுக்கு உண்டா? இல்லை. விமானத் தொழிலுக்கு? இல்லை. நிதித்துறைக்கு? எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் பதில் வரும் என்று அமைச்சரே ஒப்புக்கொண்டார்.

அதே வருடம் ஜூனில், ஏறத்தாழ அறுபது தொழில்களுக்கான ஆய்வு ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னவர் இதே டேவிஸ். அந்த ஆய்வுகளைக் காட்டுங்கள் என்று எதிர்க்கட்சி கேட்டது. பேச்சுவார்த்தை கெட்டுப்போகும் என்று அரசு மறுத்தது. அப்புறம் நவம்பர் 1 அன்று, அரசியாருக்கு மன்றம் பணிவுடன் விண்ணப்பிக்கும் ஒரு பழைய தீர்மான முறையை எதிர்க்கட்சியின் கியர் ஸ்டார்மர் கையில் எடுத்தார். அந்த வகைத் தீர்மானம் நிறைவேறினால் அரசு கட்டுப்பட்டே ஆக வேண்டும். நிறைவேறியது. வந்து சேர்ந்தவை 39 அறிக்கைகள், சுமார் 850 பக்கங்கள். எம்.பி.க்கள் நேரம் வாங்கிக்கொண்டு ஓர் அறைக்குப் போய், போனை வெளியே வைத்துவிட்டு, கையால் குறிப்பெடுக்கலாம் என்றார்கள். உள்ளே இருந்தது பெரும்பாலும் ஒவ்வொரு தொழிலின் அளவும் இப்போதைய விதிகளும்தான். தேடினால் வெளியிலேயே கிடைக்கும் தகவல். நஷ்டம் எவ்வளவு, லாபம் எவ்வளவு என்ற பக்கம் அதில் இல்லவே இல்லை.

டேவிஸ் பக்கத்திலும் ஒரு வாதம் இருந்தது. பொருளாதார மாதிரிகள் பலமுறை பொய்த்திருக்கின்றன, இவ்வளவு பெரிய மாற்றத்தை அவற்றால் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். சரி, இருக்கட்டும். அப்படியானால் ஜூனிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும். கணக்குப் போட முடியாது என்பது ஒரு பதில். போட்டாகிவிட்டது, ஆனால் காட்ட மாட்டோம் என்பது வேறு பதில். முதலாவதைக் கேட்டிருந்தால் என்னைப் போல ஓட்டுப் போட்டவர்களில் பலர் கொஞ்சம் நின்று யோசித்திருப்போம்.

போட முடியாத கணக்கும் இல்லை அது. இரண்டே மாதத்தில், 2018 ஜனவரி கடைசியில், அரசின் உள் ஆய்வு ஒன்று கசிந்தது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள், அதாவது நார்வே போல ஒன்றியத்துக்கு வெளியே நின்றாலும் அதன் சந்தைக்குள், இருந்தால் அடுத்த 15 வருடத்தில் வளர்ச்சி 2% குறையும், விரிவான வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டால் 5%, ஒப்பந்தமே இல்லாவிட்டால் 8% என்று அதில் இருந்தது. இன்னும் முடியாத வேலை என்று அரசு விளக்கம் சொன்னது.

இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். 2018 மே மாதம் நாடாளுமன்ற நிதிக் குழுவின் முன் வரி, சுங்கத் துறையின் தலைமை அதிகாரி ஜான் தாம்சன் வந்தார். அரசு பரிசீலித்த சுங்கத் திட்டங்களில் ஒன்றைக் குறித்து, அதனால் வியாபாரிகளுக்கு என்ன செலவு என்று கேட்டார்கள். ஒரு சுங்க அறிவிப்புக்குச் சராசரியாக 32.50 பவுண்ட், வருடத்துக்குச் சுமார் 20 கோடி அறிவிப்புகள், அதோடு மற்றச் செலவுகள் எல்லாம் சேர்ந்து 1,700 கோடியிலிருந்து 2,000 கோடி பவுண்ட் வரை ஆகலாம் என்று விளக்கினார். கேள்வி கேட்டார்கள், எண் கிடைத்தது. அந்த எண் தப்பு என்று சண்டை போட்டார்கள். நல்லதுதான், சண்டை போட ஓர் எண்ணாவது இருந்தது.

அந்த 32.50 பவுண்ட் என்ன என்பதை 2021இல்தான் என் கையால் உணர்ந்தேன். நான் ஒரு கிடங்கில் ஏற்றுமதி, இறக்குமதி ஆவணங்களைப் பார்க்கிறேன். அதற்கு முந்தைய வருடம்வரை ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்தின் டப்ளினுக்கு ஒரு பெட்டி அனுப்ப ஒரு பில் போதும். பிறகு சுங்க அறிவிப்பு, பொருளுக்கான குறியீட்டு எண், எந்த நாட்டில் தயாரானது என்ற உறுதிமொழி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒப்பந்தப்படி வரி கிடையாதே என்று கேட்பீர்கள். பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ தயாரான பொருளுக்குத்தான் கிடையாது. திருப்பூரில் தைத்த பனியன் இங்கே வரி கட்டி இறங்கி, கிடங்கில் பிரித்து அடுக்கி, மறுபடி அயர்லாந்துக்குப் போனால் அங்கே இன்னொரு வரி. பிரித்து அடுக்கியதால் அது பிரிட்டிஷ் பொருள் ஆகிவிடாது. முதல் மாதத்தில் இது தெரியாமல் வாடிக்கையாளர்கள் போனில் கத்தினார்கள். இரவு பத்து மணிவரை உட்கார்ந்து படிவம் திருத்தியிருக்கிறேன். தொழில்வாரியாக உட்கார்ந்து யோசித்திருந்தால் முதல் நாளிலேயே எழுந்திருக்க வேண்டிய கேள்வி இது.

மறுத்தவர் டேவிஸ் மட்டும் இல்லை. 2019 அக்டோபரில் போரிஸ் ஜான்சன் கொண்டுவந்த ஒப்பந்தத்துக்குப் பொருளாதார ஆய்வு எங்கே என்று நிதிக் குழு கேட்டபோது, அது நாட்டின் பொருளாதார நலனுக்கு ஏற்றது என்பது தானே விளங்கும் என்று நிதியமைச்சர் சாஜித் ஜாவித் எழுதினார். 2020 டிசம்பர் 24 அன்று முடிவான வர்த்தக ஒப்பந்தம் ஆயிரத்துச் சொச்சம் பக்கம். ஆறே நாளில், டிசம்பர் 30 அன்று, அதற்கான மசோதா ஒரே நாளில் கீழவையைத் தாண்டியது. ஆதரவு 521, எதிர்ப்பு 73. அடுத்த மாதமே பென் தலைமையிலான குழுவும் முடிவுக்கு வந்தது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, கேட்க ஆயிரம் கேள்விகள் இருந்த நேரம் அது.

இதோடு 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய–பிரிட்டன் ஒப்பந்தத்தை வைத்துப் பாருங்கள். அதற்கு பிரிட்டிஷ் அரசு முறையாகப் பாதிப்பு மதிப்பீடு வெளியிட்டது. நீண்ட காலத்தில் பிரிட்டனின் உற்பத்தி வருடத்துக்கு 480 கோடி பவுண்ட் கூடும் என்று ஓர் எண்ணும் கொடுத்தது. இந்தியாவோடு சேர்வதற்கு முடிந்த கணக்கு, அதைவிடப் பல மடங்கு பெரிய சந்தையை விட்டுப் பிரியும்போது ஏன் முடியாமல் போனது? இந்தியா பக்கம் நிலைமை இன்னும் மோசம். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதலே தேவையில்லை. ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தையிலிருந்து 2019 நவம்பரில் இந்தியா விலகியதும் நாடாளுமன்றத்தில் இல்லை, பாங்காக்கில் அறிவிக்கப்பட்ட முடிவுதான். அந்த முடிவு சரி என்று நினைப்பவர்களுக்கும் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு.

ஹிலாரி பென்னின் அப்பா டோனி பென், 1975 வாக்கெடுப்பில் ஐரோப்பியச் சந்தையை விட்டு வெளியேற வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர். மகன் அதற்கு நேர் எதிர்ப் பக்கம். ஆனாலும் அன்று அந்த மேஜையில் மகன் கேட்டதை, வெளியேற விரும்பிய அப்பாவும் கேட்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது ஐரோப்பிய சுங்க ஒன்றியத்தில், அதாவது தங்களுக்குள் சுங்க வரி இல்லாமல் வெளியாருக்கு ஒரே வரி போடும் கூட்டில், மறுபடி சேரலாம் என்ற பேச்சு இங்கே பலமாகக் கேட்கிறது. என் மனமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் இந்த முறை ஆசைக்கு ஓட்டுப் போட மாட்டேன். அடுத்த வாரம் எங்கள் தொகுதி எம்.பி. மக்களைச் சந்திக்கும் நேரத்தில் எனக்குப் பத்து நிமிடம் கிடைத்திருக்கிறது. அவர் சேர வேண்டும் என்று சொல்பவர், நல்ல மனிதர். பென் கேட்ட அதே வரிசையில்தான் கேட்கப் போகிறேன். மோட்டார் வாகனத்துக்குக் கணக்குப் போட்டீர்களா, விமானத் தொழிலுக்கு, நிதித்துறைக்கு, அப்புறம் எங்கள் கிடங்குக்கு.