ரேட் நாப்பைத் திருகினா வர்ற சத்தமில்லங்க அது

நேத்து நான் ரோட்டரி பெடல் (சுத்தற ஸ்பீக்கர் பெட்டியோட சத்தத்தைக் கிட்டாருக்குக் கொடுக்கற கால் பெட்டி) போட்டு வாசிச்ச வீடியோவுக்குக் கீழ நடந்ததை எல்லாரும் பாத்திருப்பீங்க, அதனால முதல்லேர்ந்து சொல்லப் போறதில்ல. அந்த கமெண்ட்டை நான் டெலீட் பண்ணல, பண்ணவும் மாட்டேன். "இதுக்கு எதுக்கு ரோட்டரி பெடல், ஒரு கோரஸ் பெடலை எடுத்து ரேட் நாப்பைத் திருகினா இதே சத்தம்தான், வாசிப்பு வராதவங்க எஃபெக்ட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கறாங்க." கோரஸ் பெடல்ங்கறது ஒரே வாசிப்பை ரெண்டு மூணு பேர் வாசிக்கற மாதிரி அலையவைக்கற பெட்டி, ரேட் நாப் அந்த அலையோட வேகம். இந்தக் கமெண்ட்ல ரெண்டாவது பாதிக்கு அப்புறம் வரேன். முதல் பாதி தப்பு. சுத்தமா தப்பு. அதை மட்டுமாவது இன்னைக்குத் தெளிவா சொல்லிடறேன், ஏன்னா அதுக்கு லைக் போட்டவங்கள்ல பாதிப் பேர் கிட்டார் வாசிக்கறவங்க.

ரோட்டரி சத்தத்துல சுத்தறது முக்கியமில்ல, வேகம் மாறுற அந்த நாலஞ்சு செகண்டுதான் முக்கியம். மெதுவா சுத்திட்டிருந்தது வேகம் பிடிக்குது பாருங்க, அப்புறம் மறுபடி தணியுது பாருங்க, அந்த இடத்துலதான் உயிரே இருக்கு. கோரஸ் பெடல்ல அது கிடையாது.

எப்படின்னு சொல்றேன். லெஸ்லி பெட்டின்னா என்ன? ஹாமண்ட்ங்கற மின்சார ஆர்கனோட வச்சு வாசிக்கற, உள்ள பாகங்கள் சுத்தற ஸ்பீக்கர் பெட்டி, ரோட்டரி பெடல் கொடுக்கப் பாக்கறது இதோட சத்தத்தைத்தான். 122ங்கற மாடலையே எடுத்துக்குவோம். மேல ஹார்ன்னு ஒரு புனல் சுத்தும், பாக்க ரெண்டு வாய் இருக்கும், ஆனா சத்தம் வர்றது ஒண்ணுலதான், இன்னொண்ணு எடை சமமா இருக்கறதுக்காக வச்சது. கீழ 15 இஞ்ச் ஸ்பீக்கர் தரையைப் பாத்து இருக்கும், அதுக்கு அடியில டிரம்னு ஒரு உருளை சுத்தும். 800 ஹெர்ட்ஸுக்கு மேல உள்ளது ஹார்னுக்குப் போகும், கீழ உள்ளது டிரம்முக்குப் போகும், ரெண்டும் எதிரெதிர் திசையில சுத்தும். மெதுவா இருக்கும்போது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 40 சுத்து, வேகத்துல 400 பக்கம். இப்ப விஷயத்துக்கு வாங்க. சுவிட்சைத் தட்டினதும் ஹார்ன் லேசானது, ஒரு செகண்டுல வேகம் பிடிச்சிடும். டிரம் கனமானது, அது நாலஞ்சு செகண்டு எடுத்துக்கும், சில பெட்டியில இன்னும் மெதுவா. அந்த இடைவெளியில ஒரே சத்தம் ரெண்டு வேகத்துல சுத்திட்டிருக்கும்.

கிட்டார்ல இது என்ன பண்ணுதுன்னு யோசிச்சுப் பாருங்க. முதல் கம்பியில 15ஆவது ஃப்ரெட் கிட்டத்தட்ட 784 ஹெர்ட்ஸ். அதாவது நாம வழக்கமா வாசிக்கற ஏறக்குறைய எல்லா நோட்டோட உடம்பும் கீழ டிரம்ல போகுது, பிக் படற அந்தக் கூர்மையும் ஹார்மோனிக்ஸ்ங்கற மேல் சுருதிகளும் மட்டும் மேல ஹார்ன்ல போகுது. ஒரு ஜி கார்டை அடிச்சு விட்டுட்டு சுவிட்சைத் தட்டினா கார்டோட பளபளப்பு முதல்ல ஓட ஆரம்பிக்கும், அதோட வயிறு பின்னாலயே மூச்சு வாங்கிட்டு வரும். ஒரே ஒரு எல்எஃப்ஓ, அதாவது சத்தத்தை அலையவைக்கற சுற்று, வச்ச கோரஸ்ல ரேட்டைத் திருகினா மொத்தமும் சேர்ந்து ஒரே வேகத்துலதான் மாறும். நாப்பைக் காலால திருகற எக்ஸ்பிரஷன் பெடல் மாட்டிக்கலாமேன்னு ஒருத்தர் கேட்டிருந்தார், மாட்டுங்க, அப்பவும் எல்லாம் சேர்ந்துதான் மாறும். அப்புறம் கோரஸ்ங்கறது தாமதப்படுத்தின ஒரு நகலை ஒரிஜினலோட கலக்கறது. சுத்தற ஹார்ன்ல நம்மளை நோக்கி வரும்போது சுருதி ஏறும், விலகும்போது இறங்கும், கூடவே சத்தம் கூடிக் குறையும், டோன் பளிச்சுனு ஆகி மங்கும், போதாக்குறைக்குச் சுவர்ல பட்டுத் திரும்பறதும் சேரும். வேற வேற பொருளுங்க.

இதை நான் புத்தகத்துல படிச்சுட்டு வந்து சொல்லல. நானும் ஆரம்பத்துல அந்த கமெண்ட் போட்டவர் நினைச்ச மாதிரியேதான் நினைச்சேன். ஒரு கோரஸ் பெடல் வாங்கி, ரேட்டை முழுசா ஏத்தி, இதுதான் லெஸ்லி சத்தம்னு ரெண்டு வருஷம் நம்பிட்டிருந்தேன். அப்புறம்தான் எங்க பேண்டுல ஆர்கன் வாசிக்க அண்ணன் வந்து சேர்ந்தார், கூடவே அவரோட லெஸ்லியும் வந்துச்சு. நாலு பேர் சேர்ந்து மாடிப்படியில ஏத்தினோம், 60 கிலோவுக்கு மேல, ரெண்டாவது திருப்பத்துல நான் முதுகைப் பிடிச்சுட்டு உக்காந்துட்டேன். அன்னைக்கு சாயங்காலம் அவர் வாசிக்கும்போது மேல் பக்கத்து மரச்சட்டம் கிட்ட கையை வச்சுப் பாத்தேன், விரல்ல காத்து விட்டு விட்டு அடிச்சது. சத்தம் நிஜமாவே அறையைச் சுத்தி வருது. அவரோட இடது கையைக் கவனிச்சேன், பல்லவி பாட ஆரம்பிக்கறதுக்கு அரை பார், அதாவது அரைத் தாளச்சுற்று, முன்னாடியே அரை நிலா மாதிரி இருக்கற அந்த சுவிட்சைத் தட்டிட்டார். ஏன் அண்ணே இவ்வளவு சீக்கிரம்னு கேட்டேன். "அது கிளம்பற நேரத்துக்குத் தட்டக் கூடாதுடா, வந்து சேர்ற நேரத்துக்குத் தட்டணும்"னார். அந்த ஒரு வார்த்தையிலதான் எனக்கு எல்லாம் விளங்குச்சு. அன்னைக்கு ராத்திரியே அந்த கோரஸ் பெடலைக் கழட்டி வச்சுட்டேன்.

அடுத்த குரூப்பு ஒண்ணு இருக்கு. "நிஜ லெஸ்லி வச்சு வாசி, இல்லாட்டி விட்டுடு, பெடல் எல்லாம் போலி." இவங்களுக்குத்தான் நான் நிதானமா பதில் சொல்லணும்னு நினைக்கறேன், ஏன்னா இவங்களுக்கு அந்தப் பெட்டி மேல மரியாதை இருக்கு, எனக்கும் இருக்கு. டொனால்ட் லெஸ்லி 1940 வாக்குல அந்தப் பெட்டியை ஏன் செஞ்சார்? ஹாமண்ட் ஆர்கன் சத்தம் ஒரே இடத்துலேர்ந்து தட்டையா வருது, பெரிய பைப் ஆர்கன்ல சத்தம் வேற வேற குழாய்லேர்ந்து இடம் மாறி மாறி வர்ற மாதிரி இல்லன்னு அவருக்குக் குறை, அதுக்காகத்தான். அதாவது லெஸ்லியே இன்னொண்ணு மாதிரி கேக்கணும்னு செஞ்சது. ஹாமண்ட் கம்பெனி அதை ஏத்துக்கல, தங்களோட ஆர்கனை இது கெடுக்குதுன்னு ரொம்ப காலம் ஒதுக்கித்தான் வச்சது. இன்னைக்கு ஹாமண்டையும் லெஸ்லியையும் பிரிச்சு நினைக்கவே முடியல. போலின்னு எதை எப்ப சொல்றோம்னு கொஞ்சம் பாத்து சொல்லணும்.

இன்னொண்ணு, ரெக்கார்ட்ல நாம கேட்டு வளர்ந்த லெஸ்லி சத்தம் எல்லாமே மைக் வழியா வந்ததுதான். ஹார்னுக்கு ரெண்டு மைக், டிரம்முக்கு ஒண்ணு, மைக்கைக் கிட்ட வச்சா காத்து சத்தம், தள்ளி வச்சா டிரம்ஸ் சத்தமும் சேர்ந்து வந்துடும். நல்ல ரோட்டரி பெடல் செய்யறவங்க பிடிக்கப் பாக்கறது அந்த மைக் வச்ச சத்தத்தை. நியோ வென்டிலேட்டர், ஸ்ட்ரைமன் லெக்ஸ் மாதிரி பெடல்கள்ல ஹார்னும் டிரம்மும் தனித்தனியாதான் வேகம் பிடிக்கும். அறையில உக்காந்து கேக்கறப்ப நெஞ்சுல அடிக்கற அந்தக் காத்து பெடல்ல வராது. அதை ஒத்துக்கறேன், வராது.

கிட்டாருக்கு எதுக்குடா இதெல்லாம்னு கேட்டவங்களுக்கு ரொம்ப நேரம் செலவு பண்ண மாட்டேன். 1966லயே பீட்டில்ஸ் குரலையே லெஸ்லி வழியா விட்டாங்க. 1967ல ஃபெண்டர் கம்பெனி கிட்டார்காரங்களுக்குன்னே வைப்ரடோன்னு ஒரு பெட்டி போட்டது, ஒரே ஒரு 10 இஞ்ச் ஸ்பீக்கர், அதுக்கு முன்னால சுத்தற ஒரு டிரம், ஹார்னே கிடையாது, ஆம்ப் நாமதான் கொடுக்கணும். 80கள்ல ஸ்டீவி ரே வான் அதுல வாசிச்சதைக் கேட்டுட்டு வந்து பேசுங்க.

விலை அதிகம், ஒரே ஒரு சத்தத்துக்கு இவ்வளவான்னு சொல்றது நியாயம்தான். அது உங்க இஷ்டம்.

ஆனா ஒண்ணு, வாங்கிட்டு ஒழுங்கா வைக்காம "இது கோரஸ் மாதிரிதான் இருக்கு"ன்னு சொல்லாதீங்க. சத்தத்தைக் கரகரப்பாக்கற டிஸ்டார்ஷன், ஓவர்டிரைவ் பெடல்களுக்கு முன்னாடி போய் ரோட்டரியை வைக்கறாங்க, லெஸ்லியில ஆம்ப் முதல்ல, சுத்தறது அப்புறம்தானே, அப்ப ஓவர்டிரைவுக்குப் பின்னாலதான் வரணும். ஸ்டீரியோ அவுட் ரெண்டையும் ஒண்ணாக் கலந்து மோனோவா விட்டா சத்தம் உள்ளீடில்லாம ஆயிடும். ஒரு நிகழ்ச்சியில எனக்கே நடந்துச்சு, மிக்ஸர்ல இருந்தவர் என் ரெண்டு லைனையும் நடுவுல வச்சுட்டார், இடதும் வலதும் ஒண்ணை ஒண்ணு தின்னுட்டு பாட்டு முழுக்க கிட்டார் தண்ணிக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி கேட்டுச்சு. இறங்கி வந்தப்ப ஒருத்தர், "அந்தப் பெடலைத் தூக்கிப் போடு, நல்லாதானே வாசிச்சுட்டிருந்த"ன்னார். பெடல் மேல தப்பில்லைன்னு அன்னைக்கு அவர்கிட்ட விளக்கத் தெம்பில்ல.

சரி, அந்த ரெண்டாவது பாதி. வாசிப்பு வராதவங்க ஒளிஞ்சுக்கறாங்களாம். இதுதான் வலிச்சது, மறைக்க என்ன இருக்கு. இத்தனை வருஷமா கூட வாசிச்ச ரெண்டு பேர் அதுக்குச் சிரிப்பு போட்டிருக்காங்க, அவங்க பேரைப் பாத்ததும் போனைக் கவுத்து வச்சுட்டேன். ரோட்டரியை வச்சு ஒளியவே முடியாது. காலை அரை பார் முன்னாடி தட்டணும், லேட்டாத் தட்டினா பல்லவி ஆரம்பிச்ச பிறகு அது மட்டும் தனியா வேகம் பிடிச்சு அசிங்கமா நிக்கும், எல்லாருக்கும் கேக்கும். வேகத்துல இருக்கும்போது வேக வேகமா நோட் அடிச்சா எல்லாம் கூழாயிடும். கம்மியா வாசிக்கணும், நோட்டை நிக்க விடணும். எனக்குக் குறைவா வாசிக்கக் கத்துக் கொடுத்ததே இந்தப் பெடல்தான்.

அந்த வீடியோவுல நான் வாசிச்ச பகுதி யாரோடதுன்னு அந்த ரெண்டு பேருக்கும் தெரியும். அது அண்ணனோட ஆர்கன் பகுதி. அவருக்கு இடது கை இப்ப சரியா வர்றதில்ல, வாசிக்கறதை நிறுத்தி மூணு வருஷம் ஆச்சு. பேண்டுல ஆர்கன் கிடையாது. அந்த எட்டு பார் வர்றப்ப அங்க ஒரு ஓட்டை இருந்துட்டே இருந்துச்சு, நான் கிட்டார்ல அவரோட கார்டை மாத்திப் போட்டு, அவர் கை தட்டின இடத்துல என் காலைத் தட்டி, மாசக்கணக்கா உக்காந்து பழகினது அது. அதைப் போய் கோரஸ் பெடல்னு.

ராத்திரி பதினோரு மணிக்கு அண்ணன்கிட்டேர்ந்து வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. கமெண்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. "வேகத்துக்கு ஏத்தினது சரியான இடம்டா. ஆனா கடைசியில இறக்கினப்ப கீழ் டிரம் சட்டுனு நின்னுடுச்சு. என் பெட்டி அப்படி நிக்காது, ஹார்ன் தணிஞ்சப்புறமும் அது தன் பாட்டுக்கு ஓடிட்டு வரும். அதைக் கொஞ்சம் பாரு"ன்னார்.

எழுந்து போய் டிரம் இறங்கற நேரத்தைக் கூட்டி வச்சு, அந்த எட்டு பாரை மறுபடி வாசிச்சேன். சரியா சொல்லியிருக்கார். நாளைக்கு அதையும் போடறேன், ஹெட்போன் மாட்டிக் கேளுங்க, கடைசி கார்டுக்கு அப்புறம் உடனே நிறுத்திடாதீங்க.