கடைசி அத்தியாயம் எங்கே போச்சு?

ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் நடந்ததை நான் திரும்ப விவரிக்கப் போவதில்லை, ஆளாளுக்கு எழுதித் தள்ளியாகிவிட்டது. சிறுவனும் நாயுமாக ஓடும் நாவலைப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் வாசித்துவிட்டு, நாய் சாகும் கடைசி அத்தியாயத்தை மட்டும் விழுங்கிவிட்டு, "ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தாங்க" என்று மூடி வைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்ட நான் கல்நெஞ்சக்காரி. சரி, இருந்துவிட்டுப் போகிறேன்.

அழுதுவிடுவார்களாம். அழட்டுமே! பத்து நாள் பழகிய நாய்க்காக அழாமல் வேறு எதற்கு அழுவது?

1872இல் வந்த 'எ டாக் ஆஃப் ஃபிளாண்டர்ஸ்' கதையில் சிறுவனும் நாயும் தேவாலயத்துக்குள் குளிரில் விறைத்து ஒன்றாகவே இறக்கிறார்கள். ஹாலிவுட் 1959இல் படமெடுத்தபோது மனம் பொறுக்காமல் பிழைக்க வைத்தது. 1975இல் ஜப்பான்காரர்கள் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது முடிவில் கை வைக்கவில்லை. பார்த்த பிள்ளைகள் அழுதார்கள், அந்தக் கதையை விட்டுவிடவும் இல்லை.

"ஏழு வயசுக்கு இது தேவையா?" நியாயமான கேள்விதான். அப்படியென்றால் நாய் சாகாத 'பிகாஸ் ஆஃப் வின்-டிக்ஸி' என்ற சிறுவர் நாவலை எடுத்திருக்கலாமே, யார் தடுத்தது? இந்த நாவலை எடுத்துவிட்டு அதன் உயிரைப் பிடுங்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். "உனக்குப் பிள்ளை இருந்தா தெரியும்" என்று எழுதியவருக்குப் பதில் கிடையாது.

பிள்ளை இல்லை. பிள்ளையாக இருந்திருக்கிறேன்.

ஒன்பது வயதில் ஒருநாள் பள்ளி விட்டு வந்தால் கறுப்பனைக் காணோம். சங்கிலி தூணில் அப்படியே தொங்கியது. தண்ணீர் குடிக்கும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். "நல்ல வீட்ல குடுத்துட்டோம்மா" என்றாள் அம்மா. நான் என்ன தப்பு செய்தேன், அது ஏன் என்னைத் தேடி வரவில்லை என்று இரண்டு வருடம் யோசித்தேன். அந்த 'நல்ல வீட்டு'ப் பிள்ளையை அவ்வளவு வெறுத்தேன். அப்புறம் ஒருநாள் சித்தி பேச்சுவாக்கில் உளறினாள்: அன்று காலையிலேயே வண்டியில் அடிபட்டுச் செத்துவிட்டதாம்.

எனக்காகத்தான் மறைத்தார்களாம். நீங்களும் அதையேதான் சொல்கிறீர்கள்.

கொல்லையில் குழி தோண்டும்போது அப்பா தேம்பித் தேம்பி அழுதாராம். அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு நானும் பக்கத்தில் நின்றிருப்பேன்.