போலீஸ் படிப்புக்கு இடம் கிடைத்தால் போலீசில் இடம் கிடைத்த மாதிரி ஆகாது

மலேசியாவில் பள்ளித் தேர்வுகளான எஸ்பிஎம் (ஐந்தாம் படிவம்), எஸ்டிபிஎம் (ஆறாம் படிவம்) முடிவு வந்தாலே, போலீசிங் படித்தால் போலீஸ் வேலை நிச்சயம் என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது, அதனால் இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். போலீசிங், குற்றவியல், தடயவியல், எந்தப் பெயரில் இருந்தாலும் சரி, உள்நாடோ வெளிநாடோ, அந்தப் பட்டப்படிப்பில் சேரப் பல்கலைக்கழகம் கேட்கிற தகுதி வேறு, காவல்துறையில் சேரக் கேட்கிற தகுதி வேறு. முதலாவது சரியாக இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நம்பிப் பணம் கட்டுகிற அப்பா அம்மாக்களைப் பினாங்கில் வருடா வருடம் பார்க்கிறேன். பல்கலைக்கழகம் தன் படிப்புக்கு ஆள் சேர்க்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு உங்கள் பிள்ளைக்குச் சீருடை கிடைக்குமா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. அதை நாம்தான் பார்க்க வேண்டும், பணம் கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும்.

பட்டர்வொர்த்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், எஸ்டிபிஎம்மில் நல்ல புள்ளி. சின்ன வயதிலிருந்தே போலீஸ் ஆக வேண்டும் என்பவள். ஒரு கல்விக் கண்காட்சியில் ஓர் ஏஜென்ட் இங்கிலாந்தில் போலீசிங் பட்டம் என்று ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார். அம்மா எனக்குப் போன் செய்தார். "டீச்சர், தகுதி எல்லாம் கரெக்டா இருக்குன்னு சொல்றாங்க, இந்த வாரமே டெபாசிட் கட்டினா கழிவு இருக்காம், படிச்சு முடிச்சா அங்கேயே போலீஸ் வேலையாம், இல்லன்னா இங்கே வந்து இன்ஸ்பெக்டராம்." அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்ட பிறகு இல்லை என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது.

தகுதி சரி என்று ஏஜென்ட் சொன்னது பொய் இல்லை. அங்கே இந்த மாதிரிப் பட்டத்துக்குப் பல பல்கலைக்கழகங்கள் அங்குள்ள பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் பி, பி, சி என்ற மூன்று கிரேடு, அதாவது அவர்கள் கணக்கில் 112 புள்ளி, அல்லது அதை ஒட்டிய ஒன்றைக் கேட்கும். எஸ்டிபிஎம்மை ஏ லெவலுக்கு இணையாக எடுத்துக்கொள்வார்கள். ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் தேர்வு, கணிதத்தில் ஒரு கிரெடிட், சில இடங்களில் குற்றப் பதிவு உண்டா என்ற கேள்வி. இவளிடம் எல்லாமே இருந்தது.

ஆனால் வேலை? இங்கிலாந்திலும் வேல்சிலும் காவலராகச் சேரக் காமன்வெல்த் நாட்டவரும் விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை, மலேசியா காமன்வெல்த் நாடு என்பதும் உண்மை, ஏஜென்ட் இந்த இரண்டையும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அதே விதியில் அடுத்த வரி ஒன்று இருக்கிறது: அந்த நாட்டில் தங்குவதற்கு எந்த நிபந்தனையும் இல்லாத அனுமதி இருக்க வேண்டும். மாணவர் விசாவில் போகிற பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்? படித்து முடித்ததும் கொடுக்கிற வேலை தேடும் விசாவும் காலக்கெடு உள்ளதுதான். அந்தப் பட்டத்தை வாங்கினால் வேலை நிச்சயம் என்பது அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கே கிடையாது. பட்டம் வாங்கி 5 ஆண்டுக்குள் ஏதாவது ஒரு போலீஸ் படை அவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நேர்முகம், உடல் தகுதி, பின்னணிச் சோதனை எல்லாவற்றையும் புதிதாகத் தாண்ட வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2016-இல் அங்கே காவலர் பயிற்சித் தரத்தை வகுக்கிற அமைப்பான காலேஜ் ஆஃப் போலீசிங், புதிதாக வருகிற காவலர்கள் எல்லாரும் பட்ட அளவுக்குப் படிக்க வேண்டும் என்று அறிவித்தது. லிங்கன்ஷையர் போலீஸ் தலைவர் அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போய் 2019-இல் தோற்றார். இவ்வளவு சண்டைக்குப் பிறகு, 2024-இல் பட்டம் இல்லாமலே சேருகிற வழியைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். அங்கேயே கட்டாயம் இல்லாத பட்டத்துக்கு நாம் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்டி, வீட்டை அடகு வைத்து அனுப்ப வேண்டுமா?

சரி, இங்கே திரும்பி வந்து இன்ஸ்பெக்டர் ஆகலாமே என்பார்கள். அங்கே கைது, தேடுதல், விசாரணை எல்லாம் அவர்களுடைய 1984 போலீஸ் மற்றும் குற்றச் சான்றுச் சட்டத்தை வைத்துத்தான் சொல்லித் தருவார்கள். இங்கே நம் அதிகாரி கையில் வைத்திருப்பது குற்றவியல் நடைமுறைச் சட்டம், தண்டனைச் சட்டம், 1967 போலீஸ் சட்டம், 1952 அபாயகர போதைப்பொருள் சட்டம். எங்கே என்ன படித்திருந்தாலும் தேர்வான பிறகு பயிற்சிக்குப் போயே ஆக வேண்டும், அந்தச் சட்டங்களை அங்கே முதலிலிருந்து படித்தே ஆக வேண்டும். அதோடு அந்தப் பட்டத்தை நம் அரசாங்கம் அங்கீகரிக்கிறதா என்பதும் ஒரு கேள்வி. தனியாரில் வேலை கொடுக்கிறவர் பார்க்காமல் விடலாம், அரசாங்க வேலையில் அதைப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

இது எல்லாவற்றையும் விட அன்று என்னை உலுக்கியது வேறு. நான் அந்த அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, பிள்ளை எவ்வளவு உயரம் என்பது. "அஞ்சு ஒண்ணு இருப்பா டீச்சர், ஏன்?" என்றார். நம் காவல்துறையின் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் வழக்கமாக ஆண்களுக்கு 1.63 மீட்டர், பெண்களுக்கு 1.57 மீட்டர் என்று இருக்கும். ஐந்தடி ஓரங்குலம் என்றால் 1.55. இரண்டு சென்டிமீட்டர் குறைவு! மூன்று வருடப் படிப்பு, கடன், விமானச் செலவு எல்லாம் முடிந்து வந்து நின்றிருந்தால் அளவுகோலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். உயரம் பொதுவாகப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கேட்கப்படுவதில்லை. நிறக்குருடும் அப்படித்தான், பல பையன்களுக்குத் தனக்கு அது இருப்பதே தெரியாது, மூக்குக்கண்ணாடிக் கடையில் சில நிமிடத்தில் சோதித்துவிடலாம். ஒரு பழைய கார் வாங்கினால்கூடப் புஸ்பாகோமில் சோதனை முடிந்ததா என்று கேட்கிற நாம், பிள்ளையின் மூன்று வருடத்துக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்க மாட்டேன் என்கிறோம்.

இப்போது மலாய் மொழிக்கு வருகிறேன், எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம் இதுதான். எஸ்பிஎம்மில் சி-யும் அதற்கு மேலும்தான் கிரெடிட். டி, இ என்றால் தேர்ச்சி, சான்றிதழ் கிடைக்கும், ஆனால் கிரெடிட் இல்லை. அரசாங்கத்தில் அதிகாரி நிலைப் பதவிக்கு எஸ்பிஎம் மலாயில் கிரெடிட் வேண்டும், அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கும் வேண்டும். தனியார் கல்லூரிக்கோ அது தடையே இல்லை. எஸ்பிஎம்மில் மூன்று கிரெடிட் இருந்தால் டிப்ளோமா, ஐந்து இருந்தால் பட்டப்படிப்புக்கு முந்தைய ஃபவுண்டேஷன், எந்தப் பாடமாக இருந்தாலும் பெரும்பாலும் சரி. மலாயில் கிரெடிட் இல்லையா, உள்ளே வந்த பிறகு பஹாசா கெபாங்சான் ஏ என்று ஒரு பாடம் எடு, முடிந்தது. அந்தப் பாடம் உங்களுக்குப் பட்டம் வாங்கித் தரும், எஸ்பிஎம் கிரெடிட்டாக மாறாது. இதை அட்மிஷன் நாளில் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. குற்றவியல் பட்டத்தோடு வெளியே வந்து, ஆள்சேர்ப்பு அறிவிப்பைத் திறந்து, அதன் பிறகுதான் தன் எஸ்பிஎம் தாளில் இருக்கிற டி-யைப் பார்த்து உட்கார்ந்துவிட்ட பையனை எனக்குத் தெரியும். அவன் கெட்டிக்காரன். அவனிடம் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர்!

நம் பிள்ளைகளுக்கு மலாய் வராது என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு மலாயில் ஏ வாங்குகிற பிள்ளைகள் வருடா வருடம் வருகிறார்கள். மறுதேர்வும் இருக்கிறது, மலாய்க்கும் வரலாற்றுக்கும் ஆண்டின் நடுவில் திரும்ப எழுதலாம், பள்ளியை விட்டுப் போனவர்களும் எழுதலாம். வரலாற்றை மறந்துவிடாதீர்கள், 2013 முதல் மலாயோடு சேர்த்து வரலாற்றிலும் தேறினால்தான் எஸ்பிஎம் சான்றிதழே கைக்கு வரும்.

அப்புறம், இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும் என்றால் போலீஸ் பெயர் போட்ட பட்டம்தான் வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. பொதுவாக அரசாங்கம் அங்கீகரித்த தகுதி என்றுதான் கேட்பார்கள். காவல்துறைத் தலைமையகமான புக்கிட் அமானில் வணிகக் குற்றங்களுக்கென்று ஒரு தனித் துறை இருக்கிறது, இன்று பாதி ஊர் ஸ்கேம் போன் அழைப்பில் ஏமாந்து நிற்கிறது, அங்கே கணக்கியல் படித்த மூளையும் கணினி படித்த மூளையும் எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள். கணக்கியல் படித்தவனுக்குப் போலீசில் கிடைக்காவிட்டாலும் வேறு வேலை இருக்கிறது. போலீசிங் மட்டும் படித்து, போலீசில் எடுக்கவில்லை என்றால் அந்தப் பட்டத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? குற்றவியல் படிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, அது அருமையான துறை, ஆராய்ச்சி, சிறைச் சீர்திருத்தம், போதை மறுவாழ்வு என்று அதற்கென்று வேலைகள் இருக்கின்றன. அதற்காகப் படியுங்கள். சீருடைக்குக் குறுக்கு வழி என்று நினைத்துப் படிக்காதீர்கள்.

எஸ்பிஎம் தகுதியோடு கான்ஸ்டபிளாகச் சேருவதைக் கேவலமாகப் பேசுகிற சொந்தக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சேர்ந்த பிறகு பகுதிநேரமாகப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 21 வயதைத் தாண்டி, சம்பந்தப்பட்ட வேலை அனுபவமும் இருந்தால் அனுபவத்தையே தகுதியாக எடுத்துக்கொள்கிற அபெல் திட்டம் வழியாக எஸ்டிபிஎம் இல்லாமலே பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கிற வழி அது. பிடிபிடிஎன் கல்விக் கடனோடு 23 வயதில் வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட அது எந்த விதத்தில் குறைவு?

சிலர் கேட்கிறார்கள், போலீஸ் நமக்கு எதற்கு என்று. அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2009-இல் குகன் என்ற இளைஞர் போலீஸ் காவலில் இறந்ததை நம் வீடுகள் மறக்கவில்லை, 2013-இல் உயர்நீதிமன்றம் காவல்துறையைப் பொறுப்பாக்கியபோதும் அந்த வலி ஆறவில்லை. ஆனால் அதே காரணத்துக்காகத்தான் நம் பிள்ளைகள் உள்ளே இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஒரு வயதான அம்மா, மலாய் சரியாகப் பேச வராதவர், மருமகன் அடித்ததைச் சொல்ல பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் தமிழ் தெரிந்த ஒரு பெண் இருந்தால் அந்த ரிப்போர்ட் எழுதப்படுகிற விதமே மாறிவிடும். எது அடி, எது மிரட்டல், எது வெறும் வாய்ச்சண்டை என்று அவர் சொல்கிறபடியே தாளில் ஏறும். பினாங்கு மாநிலத்துக்கே தெய்வீகனும் அவருக்குப் பிறகு நரேனசாகரனும் போலீஸ் தலைவர்களாக இருந்திருக்கிறார்கள். அந்த உயரத்துக்குப் போக முடியும் என்பதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். கீழே முதல் படியில் கால் வைக்கிறவர்கள் எண்ணிக்கைதான் குறைவாக இருக்கிறது, அதில் ஒரு பகுதி விருப்பமின்மையால் இல்லை, நிபந்தனை தெரியாததால்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, இவர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இன்னும் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கிற பிள்ளைகள். குடியுரிமை இல்லாமல் காவல்துறைக்கு விண்ணப்பிக்கவே முடியாது, மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் சரி. அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளை படிவம் 5 வகுப்புக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், பிள்ளை சின்னதாக இருக்கும்போதே பதிவு இலாகா வேலையை ஆரம்பியுங்கள், அது இழுத்துக்கொண்டே போகும். பச்சை குத்துவது, நண்பர்களோடு சுற்றி வழக்கில் மாட்டுவது, இவற்றைப் பற்றிப் பையன்களிடம் பேச வேண்டிய வயதும் 17 இல்லை, அதற்கு முன்னால்.

அந்தப் பட்டர்வொர்த் பெண் டெபாசிட் கட்டவில்லை. இரண்டு நாள் அழுதாள் என்று அம்மா சொன்னார். பிறகு என்னிடம் வந்து, போலீஸ் இல்லாமல் இந்த வேலையை வேறு எங்கிருந்து செய்யலாம் டீச்சர் என்று கேட்டாள். மலேசிய வேதியியல் துறையில் டிஎன்ஏ, போதைப்பொருள் சோதனை செய்கிறவர்களைப் பற்றிச் சொன்னேன், அரசு வழக்கறிஞர்களைப் பற்றிச் சொன்னேன். இப்போது சட்டமா தடயவியலா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டுக்கும் உயரம் தேவையில்லை.

கோயில் நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் எஸ்பிஎம் முடிவுக்குப் பிறகு வழிகாட்டிக் கூட்டம் போடுவதைப் படிவம் 3-க்கு மாற்றுங்கள், அங்கே ஒரு அளவுகோலையும் நிறக்குருடுச் சோதனைத் தாளையும் வையுங்கள், பணியில் இருக்கிற அல்லது ஓய்வுபெற்ற ஒரு நம்மவரைக் கூப்பிட்டுப் பேச வையுங்கள். மலாயில் டி வாங்கி மறுதேர்வு எழுத நினைக்கிறவர்கள், வயது எதுவாக இருந்தாலும், எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு வரலாம். கட்டணம் இல்லை. எஸ்பிஎம் தாளின் நகல் ஒன்றை மட்டும் கொண்டு வாருங்கள், எங்கே புள்ளி போனது என்று முதல் நாளே சேர்ந்து பார்த்துவிடலாம்.