உருகிய வெள்ளை பிளக்கும் உருகாத மேதைகளும்

நேற்று ரிமோட் கார் பேட்டரி பிளக் பற்றி வந்த அந்தப் பதிவைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேட வேண்டாம். பாவம், அந்தத் தம்பி அதை அழித்துவிட்டான்.

அவன் கேட்டது ஒரே ஒரு வரி. "கார்ல வந்த வெள்ளை பிளக் உருகிடுச்சு, வேற எது போடலாம்?" பேட்டரியையும் காரையும் இணைக்கிற பிளக்கைத்தான் சொல்கிறான். கூடவே ஒரு படம். நைலான் கூட்டின் ஒரு ஓரம் பழுப்பாகி, மெழுகு வடிந்து உறைந்த மாதிரி இருந்தது. அடுத்த ஓரம் புத்தம் புதுசு. கதை முழுக்க அந்தப் படத்திலேயே இருக்கிறது. இரண்டு பின்னிலும் ஓடுவது அதே ஆம்பியர்தான். அப்படியிருக்க ஒரு பக்கம் மட்டும் வெந்திருக்கிறது என்றால், அந்தப் பக்கத்துத் தொடுமுனை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இதை அவனிடம் சொல்ல, கமெண்ட் போட்ட அத்தனை பேரில் ஒருவருக்கும் நேரமில்லை. "எக்ஸ்டி90 போடு, மத்ததெல்லாம் குப்பை" என்று ஒரு பெரிய ரகப் பிளக்கின் பெயரைச் சொல்ல மட்டும் நேரம் இருந்தது. "பொம்மை பிளக்ல லைப்போ போட்டா இப்படித்தான்" என்று சிரிக்கவும் நேரம் இருந்தது. (லைப்போ என்றால் லித்தியம் பாலிமர் பேட்டரி.)

நான் எழுதியது இவ்வளவுதான்: எந்த பிளக் என்பது இரண்டாவது விஷயம். உன்னிடம் இருக்கிற எல்லா பேட்டரிக்கும், எல்லா காருக்கும், சார்ஜருக்கும் ஒரே வகையாகப் போடு, ஒழுங்காகச் சாலிடர் செய். அதற்கு வந்த பதில்: "அங்கிள் இன்னும் டீன்ஸ் காலத்துலயே இருக்கார்." டீன்ஸ் என்பது ஒரு பழைய ரகப் பிளக்.

சரி. அங்கிளே பேசுகிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே வகை. இதை இன்னும் பத்து தடவை சொல்வேன், அலுத்துப்போனால் தாண்டிப் போய்விடுங்கள். மூன்று காருக்கு மூன்று விதமான பிளக் வைத்திருப்பவர் கடைசியில் போய் விழுவது அடாப்டரில்தான். அடாப்டர் என்றால் என்ன? ஏற்கெனவே ஒரு ஜோடித் தொடுமுனை இருக்கும் இடத்தில் இன்னொரு ஜோடியைச் சேர்ப்பது, கூடவே நாலு சாலிடர் புள்ளிகள். ஒவ்வொன்றும் கொஞ்சம் மின்தடை. கொஞ்சம்தானே என்பீர்கள். வெப்பம் ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. 30 ஆம்பியர் ஓடும்போது 1 மில்லி ஓம் தடையில் ஒரு வாட் கூட வராது. அதே இடம் தளர்ந்துபோய் 10 மில்லி ஓம் ஆனால் 9 வாட். அந்த 9 வாட்டையும் நெல்மணி அளவு இடத்தில் கொட்டினால் நைலான் என்ன செய்யும்? சூடு ஏற ஏறப் பிடிமானம் இன்னும் தளரும், தளரத் தளர இன்னும் சுடும். நேற்றைய படம் அதுதான்.

அந்த வெள்ளை பிளக்கையும் சும்மா திட்டாதீர்கள். தமியா பிளக் என்று நாம் சொல்லும் அந்த வகை, ஆறு செல் 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி, சாதாரண 540 பிரஷ் மோட்டார் என்று ஓட்டிய காலத்து வேலைக்குப் பொருத்தமானது. இன்றைக்கும் அப்படி ஓட்டுபவருக்கு அது போதும். அதிக ஆம்பியர் இழுக்கும் பிரஷ்லெஸ் மோட்டாரையும் 3எஸ், அதாவது மூன்று செல் லைப்போவையும் அதன் தலையில் கட்டியது நாம்தான்.

"அப்போ எக்ஸ்டி90 சொன்னது சரிதானே?" என்று இந்நேரம் யாராவது டைப் செய்ய ஆரம்பித்திருப்பார். பெரிய 4எஸ், 6எஸ் வண்டிக்குத் தாராளமாகப் போடுங்கள். அதிலேயே எஸ் என்று முடியும் ரகம் இருக்கிறது, உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்து, மாட்டும்போது வரும் பொறியை அடக்கிவிடும். அருமையான சாமான். ஆனால் அந்தத் தம்பி வைத்திருப்பது 14 கேஜ் வயர் உள்ள 2எஸ் பேட்டரி. எக்ஸ்டி90-இல் வயரை வைத்துச் சாலிடர் செய்யும் கிண்ணம் பெரியது. அவன் கையில் இருக்கும் சின்ன சாலிடரிங் அயர்ன் அதைச் சூடாக்குவதற்குள் ஈயம் மேலே உருண்டையாக நின்றுவிடும், உள்ளே ஒட்டியிருக்காது. பார்க்கப் பளபளவென்று இருக்கும், இழுத்தால் கையோடு வரும். ஆகப்பெரிய பிளக்கைச் சொல்லிவிட்டால் ஆகப்பெரிய அறிவாளி என்று நினைப்பு. அப்புறம் அதைவிடச் சிறிய எக்ஸ்டி60-இல் அந்த 60 என்பது சிறிது நேரம் தாங்கும் உச்சம், தொடர்ந்து ஓட 30 ஆம்பியர் என்பதையாவது படித்திருக்கிறீர்களா? உங்கள் 90-க்கும் அதே கதைதான்.

இசி3, இசி5 பிளக் நல்லதா? நல்லது. டிராக்ஸஸ் கம்பெனியின் பிளக்? அந்த வண்டியும் அந்த சார்ஜரும் மட்டுமே வைத்திருப்பவர் எதற்கு மாற்ற வேண்டும்? அதுவும் ஒரே வகைதானே!

எனக்கு இந்தப் புத்தி எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு. ஒரு காலத்தில் என்னிடம் மூன்று கார், மூன்று வகை பிளக், ஒரு டப்பா நிறைய அடாப்டர். ஒரு ராத்திரி, மறுநாள் ஓட்ட வேண்டும் என்ற அவசரத்தில், இன்னொன்று செய்தேன். பிளக்கைத் தலைகீழாக மாட்ட முடியாதபடிதான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் சிவப்பு வயரைக் கழித்தல் குறியில் சாலிடர் செய்கிறவனை எந்த வடிவமைப்பும் காப்பாற்றாது. காலையில் மாட்டினேன். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியிலிருந்து பட்டென்று ஒரு சத்தம், ஒரு மூக்குப்பொடி அளவு வெள்ளைப் புகை, அவ்வளவுதான். பிளக் சும்மா ஜம்மென்று இருந்தது, ஒரு கீறல் கிடையாது. அன்றைக்கு அந்த டப்பாவைக் காலி செய்தேன். எல்லாவற்றிலும் டீன்ஸ். விரல் வழுக்கும், கழற்றும்போது பல்லைக் கடிக்க வேண்டும், தெரியும். இருந்தாலும் அடாப்டர் இல்லை, குழப்பம் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். நானே எக்ஸ்டி60-க்கு மாறி நாலு வருடம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதினோரு பேட்டரியையும் ஒரே மூச்சில் மாற்றினேன். அங்கிள் என்றவர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"சின்ன விஷயத்துக்கு எதுக்குண்ணே இவ்ளோ பெரிய பதிவு?" இதையும் கேட்பீர்கள். சின்ன விஷயம்தான். அந்தக் கமெண்டுக்குச் சிரிப்பு ஸ்மைலி போட்டவர்களின் பட்டியலைப் பார்க்காமல் இருந்திருந்தால் எனக்கும் சின்ன விஷயம்தான். அதில் ஒருவர் தன் வாழ்நாளின் முதல் பிளக்கை என் மேசையில் உட்கார்ந்து சாலிடர் செய்தவர். பேட்டரியின் இரண்டு வயரையும் சேர்த்து வெட்டப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்தி, என் கட்டரைக் காட்டினேன். அதன் வாயில் அரிசி அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கும், ஓரம் நீலம் பாய்ந்திருக்கும். நான் இரண்டையும் சேர்த்து வெட்டிய அன்று, ஷார்ட் ஆகி பேட்டரி கடித்து எடுத்தது. "ஒண்ணை வெட்டி, சாலிடர் பண்ணி, மூடினதுக்கப்புறம்தான் இன்னொண்ணு" என்றேன். அன்று அவர் சிரிக்கவில்லை. பெயர் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியும்.

நம்மில் யார் பிறக்கும்போதே கையில் அயர்னோடு பிறந்தார்கள்? எல்லோரும் எதையாவது கருக்கித்தான் வந்திருக்கிறோம். கருகியதைப் படம் எடுத்துப் போட்டது அந்தத் தம்பி மட்டும்தான். அதற்குக் கிடைத்த மரியாதை, பதிவையே அழித்துவிட்டுப் போனது. நாளைக்கு அவன் யாரையும் கேட்காமல் எதையோ மாட்டி வீட்டுக்குள் லைப்போவை எரித்தால், அப்போதும் ஒரு ஸ்மைலி போடுவீர்களா?

இல்லை, நான் கோபப்படவில்லை. கோபப்பட்டால் இப்படி எழுதமாட்டேன்.

தம்பி, நீ இதைப் படித்தால்: எக்ஸ்டி60 வாங்கு, பேட்டரிக்கும் காருக்கும் சார்ஜருக்கும் சேர்த்து வாங்கு. பேட்டரி பக்கம் பெண் பிளக், அப்போதுதான் உயிருள்ள பின் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. சாலிடர் செய்யும்போது எதிர் ஜோடியை மாட்டிக்கொள், சூட்டில் பின் சாயாமல் நிற்கும். ஆனால் அந்த எதிர் ஜோடி காரிலோ பேட்டரியிலோ இணைந்ததாக இருக்கக் கூடாது, தனி பிளக்காக இருக்கட்டும். கூட்டின் மேலேயே கூட்டல், கழித்தல் குறி அச்சாகியிருக்கும், இரண்டு தடவை பார். சந்தேகம் வந்தால் படம் எடுத்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்பு.

சூட்டில் சுருங்கிச் சாலிடரை மூடும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை வயரில் முதலிலேயே கோத்துவிடு. நான் இன்றைக்கும் அதை மறந்துவிட்டுத்தான் சாலிடர் செய்கிறேன்.